அராலியிலிருந்து லிந்துலை வரை: தமிழ்ப் பிள்ளைகளிடம் கோள்கள் வந்த வழி

ஞாயிற்றுத் தொகுதி இன்று நம் பாடநூல்களில் ஓர் அலகு. சூரியன், எட்டுக் கோள்கள், துணைக்கோள்கள், சிறுகோள்கள், வால்வெள்ளிகள் என்று வரிசையாக வரும். பரீட்சையில் படம் கீறிப் பெயரிடச் சொல்வார்கள். அத்தோடு அலகு முடிந்துவிடும். ஆனால் இந்த அறிவு தமிழ் வகுப்பறைக்குள் இவ்வளவு சாதுவாக வந்து சேரவில்லை. ஒரு வழக்கோடு வந்தது. அந்த வழக்கின் தழும்பு இன்னும் ஆறவில்லை என்பதையும், அதை ஆற்றும் மருந்தும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன், லிந்துலையில் படிப்பிக்கிறேன். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத ஒரு தவணையில் அந்தப் பாடமும் என் தலையில் விழுந்தது. கோள்களின் பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், சனி ஒரு கோள்னு சொல்றீங்க. எங்க அப்பாயி, நமக்கு ஏழரைச் சனி நடக்குதுன்னு சொல்றாங்க. அப்ப யாரு சொல்றது பொய்?"

யார் சொல்வது பொய் என்ற இதே கேள்வியை ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலும் கேட்டார்கள். அங்கே அதைக் கேட்டது பிள்ளையல்ல, ஆசிரியர்.

அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் தானியேல் பூவர். கணிதமும் வானியலும் அங்கே முக்கிய பாடங்கள். வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் அராலி. பஞ்சாங்கம் கணிப்பதில் பேர்போன ஊர். 1829 மார்ச் 20ஆம் திகதி இரவு சந்திர கிரகணம் என்று அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் சொல்லியிருந்தது. பூவர் தன் முறையில் கணித்துப் பார்த்தார். கிரகணம் தொடங்கும் நேரம், மறையும் அளவு, நீடிக்கும் காலம் மூன்றிலும் வித்தியாசம் வந்தது. அதை ஊரறியச் சொன்னார். அன்றிரவு நிலவைப் பார்த்தவர்களுக்குப் பூவரின் கணக்கே சரியென்று தெரிந்தது.

இதுவரையில் இது ஒரு நல்ல விஞ்ஞான பாடம். எவரும் தன் கண்ணால் சரிபிழை பார்க்கக்கூடிய பாடம். ஆனால் பூவரின் நோக்கம் அத்தோடு நிற்கவில்லை. பஞ்சாங்கம் பிழைத்தால் புராணமும் பிழை, புராணம் பிழைத்தால் சமயமும் பிழை என்று அடுக்கிக்கொண்டு போவதற்கு அந்தக் கிரகணம் அவருக்கு ஒரு கருவியானது. பையன்கள் பூமியை ஒரு கோளாகக் கற்றுக்கொண்ட அதே நேரத்தில், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். நான் தழும்பு என்று சொன்னது இதைத்தான்.

அந்த நாளைய விஞ்ஞானமும் முடிந்த முடிபாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். 1829இல் யுரேனஸ் தெரியும், 1781இல் கண்டுபிடித்திருந்தார்கள். நெப்டியூன் தெரியாது, அது 1846இல்தான் அகப்பட்டது. 1801க்கும் 1807க்கும் இடையில் கண்ட சீரிஸ், பாலஸ், ஜூனோ, வெஸ்டா நான்கையும் அன்றைய ஐரோப்பிய நூல்கள் கோள்களாகவே எண்ணின. அந்தக் கணக்கில் கோள்கள் பதினொன்று. பிறகு அந்த நான்கையும் சிறுகோள்கள் என்று இறக்கினார்கள். 1930இல் புளூட்டோவைச் சேர்த்து, 2006இல் அதையும் குறுங்கோள் ஆக்கினார்கள். ஆகவே பூவர் காலத்துப் பாடமும் திருத்தப்பட வேண்டிய பாடம்தான். திருத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை, விஞ்ஞானம் அப்படித்தான் நடக்கும். அந்த மரியாதையைப் பஞ்சாங்கக்காரருக்கும் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

அந்த மரியாதைக்கு அவர்கள் உரியவர்களா? புதுச்சேரிக்குப் போய்ப் பார்ப்போம். லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடப்பதை 1761இலும் 1769இலும் பார்க்கவென்று கப்பலேறி வந்தவர். முதல் முறை புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்ததால் நடுக்கடலில் நின்றார். இரண்டாம் முறை புதுச்சேரியிலேயே காத்திருந்தும் முகில் மறைத்துவிட்டது. பாவம் மனுசன். ஆனால் வந்தது வீண்போகவில்லை. கிரகணம் கணிக்கும் முறையை அங்கே ஒரு தமிழரிடம் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில், தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மாயரின் கணக்கோ 68 விநாடி கூடியிருந்தது.

அந்தக் கணக்கைப் போட்டவர்கள் தாளும் மையும் வைத்துப் போடவில்லை. வாரன் என்பவர் 1825இல் வெளியிட்ட காலசங்கலித என்ற நூலில் இதை விபரமாக எழுதியிருக்கிறார். நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் கணித்தார்கள். சொற்களுக்குள் எண்களை ஒளித்துவைத்த வாக்கியங்கள் அவை. எல்லா நேரமும் 41 விநாடிக்குள் நின்றதென்றும் இல்லை. சில கிரகணங்களில் பிழை ஒரு மணித்தியாலத்தை நெருங்கியதும் உண்டு. பழைய எண்களை இடையிடையே வானத்தைப் பார்த்துச் சரிசெய்யாமல் விட்டால் அப்படித்தான் ஆகும். அராலியிலும் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கணிக்கத் தெரியாமை வேறு, திருத்தாமல் விட்டமை வேறு.

இராகு கேது விஷயத்தையும் பாருங்கள். பாம்பு விழுங்குகிறது என்பது கதை. ஆனால் பஞ்சாங்கம் கணித்தவர் எந்தப் பாம்பின் வாயையும் அளக்கவில்லை. சந்திரனின் பாதை, சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அவைதான் கணக்கில் இராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்குக் கிட்ட வந்தால்தான் கிரகணம். மாதாமாதம் கிரகணம் ஏன் வருவதில்லை என்று பிள்ளை கேட்டால் இதைவிட நல்ல விடை கிடையாது.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி. அறபு வானியலாளர்களும் அந்த இரண்டு இடங்களைத் தலை, வால் என்றே அழைத்தார்கள்; ரஃஸ், தனப். யாருடைய தலை? தின்னீன் என்னும் பெரும் பாம்பின் தலை. கலீஃபா அல்மன்சூர் காலத்தில் இந்திய வானியல் நூல் பக்தாத் போய் அறபியில் சிந்துஹிந்த் ஆனது. அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணை அதன் வழியில் அமைந்ததே. பின்வந்த அல்பத்தானி ரக்காவில் பல்லாண்டு வானத்தைப் பார்த்து, ஓர் ஆண்டின் நீளத்தை 365 நாள், 5 மணி, 46 நிமிடம், 24 விநாடி என்று குறித்தார். இன்றைய அளவோடு வித்தியாசம் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. 1651இல் ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் நிலவின் குழிகளுக்குப் பேர் வைத்தபோது அல்பத்தானிக்கும், அல்பர்கானிக்கும், கலீஃபா மஃமூனுக்கும் இடம் கொடுத்தார். பிறை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த நிலவின் முகத்தில் நம்மவர் பெயர்கள் இருப்பது தெரியவேண்டாமா?

அல்பிரூனியின் வழியையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். கஸ்னி மஹ்மூதின் படையெடுப்புகள் நடந்த காலம் அது. ஆண்டவர் பக்கமிருந்து வந்தவர் அவர். ஆனாலும் சமஸ்கிருதம் படித்தார், பண்டிதர்களிடம் கேட்டார், பிறகுதான் 1030 அளவில் இந்தியா பற்றிய தன் நூலை எழுதினார். கிரகணத்தின் உண்மைக் காரணம் தெரிந்திருந்தும் பிரம்மகுப்தர் இராகுக் கதைக்கு இடம் கொடுத்தார் என்று கண்டித்து எழுதவும் தயங்கவில்லை. கண்டித்தது இரண்டாவது வேலை. படித்தது முதல் வேலை. பூவருக்கும் அல்பிரூனிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

மிஷன் பக்கத்திலும் இந்த மாற்றம் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பூவருக்குப் பின் செமினரிக்குத் தலைமை தாங்கிய ஹொய்சிங்டன், இந்திய வானியல் முறையை மொழிபெயர்ப்போடும் விளக்கக் குறிப்புகளோடும் ஒரு நூலாக்கினார். அது 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. தோற்கடிப்பதற்காகத் தொடங்கிய படிப்பு, விளங்கிக்கொள்வதற்கான படிப்பாக மாறத் தொடங்கியிருந்தது. 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள்.

நான் மருந்து என்று சொன்னது சென்னையிலிருந்து வருகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வான்காணகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்தவர், தொலைநோக்கியும் கைவந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கு அவரே தலைவர். 1872இல் லண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளி சூரியனைக் கடக்கப்போகிறது என்றதும், பொதுமக்களுக்கு அதை விளங்கப்படுத்த ஒரு சிறு நூல் எழுதினார். தமிழில் எழுதியதோடு ஆங்கிலம், கன்னடம், உருது ஆகிய மொழிகளிலும் வரச்செய்தார். உருதுவிலும் என்பதைக் கவனியுங்கள். அவருடைய வாசகர் வட்டத்துக்குள் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

ஒரு சித்தாந்தியும் நண்பரும் பேசிக்கொள்வதுபோல அந்த நூல் அமைந்தது. சித்தாந்தியை அதில் வெளியே தள்ளவில்லை. பேச்சுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். அத்தோடு விடாமல், வானத்தில் பார்ப்பதும் ஏட்டில் கணிப்பதும் ஒத்துவரும் திருக்கணித பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். பூவர் கண்ட அதே குறையைத்தான் இவரும் கண்டார். ஒருவர் அதைக் கொண்டு பஞ்சாங்கத்தை உடைக்கப் பார்த்தார், மற்றவர் திருத்திக் கையில் கொடுத்தார்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மலையகப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 1871 டிசம்பர் 12ஆம் திகதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் பேக்கல், நீலகிரி, அவிநாசி வழியாக வந்து யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கடந்தது. இரு கரையிலும் வானியலாளர்கள் கருவிகளோடு நின்றார்கள். அதே காலத்தில், அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்த சனம் இந்த மலைகளில் கோப்பிக் காட்டில் நின்றது. அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பள்ளிக்கூடமே இல்லை. பிறகு தேயிலை வந்தது, ரயில் 1885இல் நானுஓயாவைத் தொட்டது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் துரைமார் தலையில் வைத்தது. அதிலும் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அநேகமாக ஓர் அறை, ஓர் ஆசிரியர். கொழுந்துக் கணக்குத் தெரிந்தால் போதும் என்ற படிப்பு. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். வட்டுக்கோட்டைப் பையன் 1820களில் பெற்ற வானியல், லிந்துலைப் பிள்ளையிடம் வந்து சேர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

அப்படிப் பிந்தி வந்த பாடம், வரும்போதே அப்பாயியைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டு வரவேண்டுமா? அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நான் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ வருஷம். வானத்தைப் பன்னிரண்டு வீடாகப் பிரித்தார்கள். ஒரு வீட்டைக் கடக்க எவ்வளவு? பிரித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டரை வருசம் சேர்" என்றார்கள். ஏழரை என்பது மூன்று வீடு. இரண்டரையை மூன்றால் பெருக்கினால்? வகுப்பே சத்தம் போட்டது. "உங்க அப்பாயி சொல்ற ஏழரைக்குள்ள சனி சுத்துற வேகம் இருக்கு. அதக் கண்ணால பாத்துக் கணிச்சவங்க நம்ம ஆளுங்கதான். அந்தக் கோள் நமக்குக் கெடுதல் செய்யும்ங்கிறதுக்கு மட்டும் கணக்குல இடம் இல்ல" என்றேன். வியாழனும் அப்படியே. அது சுற்றிவர ஏறத்தாழ 12 வருஷம், வீட்டுக்கு ஒரு வருஷம். குருப்பெயர்ச்சி வருஷாவருஷம் வருவதும், கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை வருவதும் இதனால்தான்.

நாம் மட்டும் எட்ட நின்று சிரிக்கவும் முடியாது. ஸபர் மாதத்துக் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று பயந்து, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குளித்த வீடுகள் நம்முடையவை. கிரகணத்தன்று பிள்ளைத்தாய்ச்சியை வெளியே விடாத வீடுகளும் நம்மிடம் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டபோது, மக்கள் அந்த இழப்போடு அதை முடிச்சுப் போட்டார்கள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் வருவதில்லை என்று நபியவர்கள் தெளிவாகச் சொல்லித் தொழுகைக்கு அழைத்தார்கள். தன் துக்கத்தின் நடுவிலும் சொன்ன அந்த வார்த்தையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நம் முதல் கடமை. அதைச் சொன்ன பிறகுதான் பக்கத்து லயத்துப் பயத்தைப் பற்றிப் பேச நமக்கு வாயுண்டு.

தமிழாசிரியன் என்பதால் எனக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கோள்களின் பெயர்களைப் பிள்ளைகள் புதிதாகப் பாடமாக்கத் தேவையில்லை. கிழமைகளாக ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. நாம் ஜும்ஆவுக்குப் போகும் நாள் வெள்ளி. அறபியில் அந்தக் கோள் ஸுஹரா. நம் வீடுகளில் பெண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். சிவந்தது செவ்வாய், வெளுத்தது வெள்ளி. மங்கலாகத் தெரிவதைச் சங்கப் புலவர் மைம்மீன் என்றனர்; அது சனி. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 117ஆம் பாட்டில் கபிலர் மைம்மீனையும், புகைபோல் தோன்றும் வால்வெள்ளியையும், தெற்கே போகும் வெள்ளியையும் ஒன்றாக வைக்கிறார். ஒரு கோள் மங்கினாலும் அந்த நாட்டில் வளம் குறையாது என்பது கருத்து. ஞாயிற்றுத் தொகுதியின் மூன்று பொருள்கள் ஒரே பாட்டில்!

தூரத்தை விளங்கப்படுத்தத்தான் கொஞ்சம் நடக்க வேண்டும். கிரவுண்டின் ஓரத்தில் ஒரு கால்பந்தை வைத்து, இதுதான் சூரியன் என்போம். அந்த அளவில் பூமி ஒரு கடுகு. 24 மீற்றர் தள்ளி நிற்கும். நிலவு ஒரு ரவைக் குருணை. கடுகிலிருந்து 6 சென்ரிமீற்றர். செவ்வாய் ஒரு குரக்கன் மணி, 36 மீற்றரில். வியாழன் ஒரு நெல்லிக்காய், 120 மீற்றருக்குச் சற்று மேலே. எங்கள் கிரவுண்ட் அதற்குள் முடிந்துவிடும். சனி ஒரு போளை, 225 மீற்றரில் பாதை வளைவில். நெப்டியூன் ஒரு கடலை, 700 மீற்றர் தாண்டி. அங்கே ஒரு பையனை நிறுத்தினால் தேயிலை மலைக்குப் பின்னால் ஆளே தெரியாது. இந்த வெறுமையை எந்தப் பாடநூல் படமும் காட்டாது; எல்லாக் கோளையும் ஒரு பக்கத்துக்குள் நெருக்கிவைத்திருக்கும். கடுகைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தன், "நாம எல்லாரும் இதுக்குள்ளயா சேர்?" என்று கேட்டான்.

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி சூரியனை ஆராய இந்தியா ஆதித்யா எல்1 கலத்தை அனுப்பியது. அது பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்குப் போய், 2024 ஜனவரி 6ஆம் திகதி தன் இடத்தில் அமர்ந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் ஒரு விவசாயியின் மகள். தமிழ் முஸ்லிம் பெண். எங்கள் மலையகச் சனத்தில் ஒரு பகுதியினரின் பூட்டன்மார் கப்பலேறியதும் அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்துதான். மேலே சொன்ன கால்பந்துக் கணக்கில் அந்த 15 இலட்சம் கிலோமீற்றர் கடுகிலிருந்து ஒரு சாண். ஒரு சாண் போக இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று சொன்னபோதுதான் பிள்ளைகளுக்கு அந்தச் சாதனையின் பெறுமதி விளங்கியது.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். மத்ரஸா நடத்துபவர்கள் பிறை பார்க்கும் மாலைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேற்கே அந்த நேரம் வெள்ளி தெரிந்தால் காட்டிக்கொடுங்கள். நம் மாதம் ஏன் 29 அல்லது 30 நாள், நோன்பு ஏன் வருஷத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னால் வருகிறது என்று கேட்க விடுங்கள். மற்றது, நம் வீட்டுப் பரண்களில் தொழுகை நேரக் கணிப்பு, பிறைக் கணக்கு, கிப்லாக் கணக்கு பற்றிய அறபுத் தமிழ் ஏடுகளோ கையெழுத்துப் படிகளோ இருந்தால், கரையானுக்குக் கொடுக்காமல் எடுத்துத் துடைத்து, படமாவது பிடித்து வையுங்கள். அராலிக்காரரின் கணக்குப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவரோடு வழக்காடியவர்கள் எழுதிவைத்ததால்தான். நம்முடைய கணக்கையாவது நாமே எழுதிவைப்போம்.